ஆதிவராகன் இட்ட முதற் பிண்டம்

மாசித் திங்கள் மக நன்னாள் நெருங்கும்போது விருத்தாசலத்தில் இருவகை யாத்திரிகரைக் காணலாம். ஒரு சாரார், மணிமுத்தாற்றங்கரையில் தம் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்க வருகின்றவர். மற்றொரு சாரார், இவ்வூர் இரயில் நிலையத்தில் இறங்கித் தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீமுஷ்ணம் சென்று ஸ்ரீபூவராகப் பெருமாளைச் சேவித்து, அப்பெருமான் கடலாட எழுந்தருளும் கிள்ளைக்குப் பின்தொடர்கின்றவர். முன்னவர் பித்ரு காரியத்திற்கு வந்தோர் என்றும், பின்னவர் பெருமாள் உற்சவத்திற்கு வந்தோர் என்றும் நாம் வேறுபடுத்தி எண்ணுகிறோம். இவ்விரண்டும் ஒரே காரியத்தின் இரு பகுதிகளே என்பதை ஆஸ்திக அன்பர்கள் சிந்தையில் இருத்த வேண்டும் என்னும் விழைவே இக்கட்டுரைக்குக் காரணம்.

விருத்தாசலம் மண்ணைப் பிசைந்து வாழும் ஊர். இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் அகல்களும் மின்கம்பிகளுக்குரிய காப்புப் பொருள்களும் உருவாகின்றன. மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, கைக்கு அடங்கும் உருண்டையாகத் திரட்டி, அதற்கு ஓர் உருக் கொடுக்கும் தொழில் இவ்வூரார் நன்கறிந்தது. வடமொழியில் இவ்வுருண்டைக்குப் பிண்டம் என்று பெயர். நம் முன்னோர்க்கு நாம் இன்று அன்னத்தால் இடும் பிண்டம், ஆதியில் மண்ணாலேயே இடப்பட்டது. இட்டவன் மானிடன் அல்லன்.

ஆற்றங்கரையில் எழும் வினா

மாசி மகத்தன்று ஆற்றங்கரையில் அமர்ந்திருப்போரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வினா மீண்டும் மீண்டும் செவியில் விழும். பிள்ளைப்பேறு வாய்க்காத முதியவர், “எனக்குப் பின் எனக்கு யார் செய்வார்?” என்று கேட்கிறார். ஒரே மகனைப் பறிகொடுத்த தாய், “அவன் எனக்குச் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்யும்படி ஆயிற்றே, இது சேருமா?” என்று கேட்கிறாள். மந்திரம் அறியாத உழைப்பாளி, “எனக்கு இதில் உரிமை உண்டா?” என்று தயங்குகிறான். திதியையே அறியாதவன், வெளியூரில் மறைந்த தந்தையின் முகத்தை மட்டும் நினைவில் கொண்டு நீரில் நிற்கிறான்.

இவ்வினாக்களுக்கு விடை கூறாமல் சடங்கின் முறையை மட்டும் கூறுவது, பசித்தவனுக்கு இலையை மட்டும் விரித்து வைப்பதற்கு ஒப்பாகும். விடை காண வேண்டுமாயின் இச்சடங்கின் தோற்றுவாய்க்குச் செல்லுதல் வேண்டும்.

முதலில் பிண்டம் வைத்தவன் யார்?

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், மோக்ஷ தர்மப் பகுதியில், நாராயணீயம் என்னும் அரும்பெரும் படலம் உள்ளது. நாரத முனிவர் பதரிகாசிரமத்தில் தேவ காரியமும் பித்ரு காரியமும் இயற்றுகிறார். அதனைக் கண்ட நரநாராயணர் அவர் வழிபடுவது யாரை என்று வினவ, இவ்விரு காரியங்களாலும் பரம்பொருளாகிய நாராயணனையே தாம் ஆராதிப்பதாக நாரதர் விடையிறுக்கிறார். பிண்டங்களுக்குப் பித்ருக்கள் என்னும் பெயர் வந்தது எவ்வாறு என்ற வினாவும் அவ்விடத்தே எழுகிறது. நரநாராயணர் பழைய வரலாறு ஒன்றை எடுத்துரைக்கின்றனர். அதன் சாரம் வருமாறு:

முன்னொரு காலத்தில் கடல் சூழ்ந்த பூமி நீருள் மறைந்தது. கோவிந்தன் வராக வடிவு கொண்டு அதனை எயிற்றால் இடந்தெடுத்து அதன் நிலையிலே நிறுத்தினான். அப்பொழுது அவன் திருமேனி முழுதும் சேறும் நீருமாய் இருந்தது. கதிரவன் உச்சியை எய்தியது. நித்திய கருமங்களுக்குரிய வேளை வந்தது கண்ட பெருமான், தன் கோரைப் பற்களில் ஒட்டியிருந்த மண்ணை மூன்று உருண்டைகளாக உதிர்த்து, தரையில் தர்ப்பையைப் பரப்பி அதன்மேல் அவற்றை வைத்தான். தன் திருமேனியின் வெம்மையில் தோன்றிய எள்ளைக்கொண்டு விதிப்படி அவற்றை ஆராதித்தான். தன் பற்களினின்று உதிர்ந்து தென்திசையைச் சார்ந்த இப்பிண்டங்களே பித்ருக்கள் ஆகுக என்றும், உருவமற்ற பித்ருக்கள் இவற்றால் உருப்பெறுக என்றும் சங்கற்பித்தான். தந்தையாகவும் பாட்டனாகவும் முப்பாட்டனாகவும் இம்மூன்று பிண்டங்களில் உறைபவன் தானே என்றும், தனக்கு மேற்பட்ட தந்தை எவரும் இல்லாமையால் தன்னையே தான் ஆராதிப்பதாகவும் அருளி, உலகினர்க்கு இம்மரியாதையை நிலைநிறுத்தி மறைந்தான்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குக. பூமியை மீட்ட பெரும்பணி முடிந்தபின் பெருமான் இயற்றிய முதற்காரியம் வெற்றி விழா அன்று, பித்ரு காரியம். தந்தையே இல்லாத ஆதிமூலம், தந்தையை உடைய நமக்காகச் சேறு படிந்த மேனியோடு உச்சி வேளையில் அமர்ந்து பிண்டம் இட்டுக் காட்டியது. பொன்னாலும் மணியாலும் அன்றிக் கைக்கு எட்டிய மண்ணாலேயே இட்டது. இடுபவனும் அவனே, இடப்பெறுபவனும் அவனே, இடப்படும் பிண்டமும் அவனுடையதே. இச்சடங்கு நம்முடைய சொத்து அன்று, அவனுடைய சொத்து என்பது இதனால் பெறப்படும்.

ஸ்ரீமுஷ்ணத்துத் திருக்கோலம்

தானே தோன்றிய ஸ்வயம்வ்யக்த க்ஷேத்திரங்கள் எட்டு என்பர் பெரியோர். திருவரங்கம், திருவேங்கடம், வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரணியம், புஷ்கரம், பதரி ஆகிய ஏழனோடு எட்டாவதாக எண்ணப் பெறுவது ஸ்ரீமுஷ்ணம். அம்புஜவல்லித் தாயாருடன் அருள்பாலிக்கும் மூலவர் ஸ்ரீபூவராகன், இரு திருக்கரங்களையும் இடுப்பிலே வைத்து, காரியம் முடித்த வீரனைப் போலக் கம்பீரமாக நிற்கின்றான். திருமேனி மேற்கு நோக்கியிருக்க, திருமுகம் மட்டும் தென்திசை திரும்பியிருப்பது இத்தலத்தின் தனிச் சிறப்பு. இரணியாக்ஷன் இறுதியில் வேண்டிக்கொண்டதை முன்னிட்டு இவ்வாறு நோக்கியருள்கின்றான் என்பது தலவரலாறு.

தென்திசை நம் முன்னோர் திசை. வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவருள் தென்புலத்தாரையே முதலில் வைத்து எண்ணினார். புறநானூற்றின் 9-ஆம் பாடலில், போர் தொடங்குமுன் விலகிச் செல்லுமாறு அறிவிக்கப் பெறுவோருள், தென்புலத்தார்க்குக் கடன் ஆற்றும் புதல்வரை இன்னும் பெறாதவரும் கூறப்பெறுகின்றனர். இக்கடன் தமிழ் மண்ணில் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இவை சான்று. எனவே ஸ்ரீமுஷ்ணத்தில் சேவிப்போர், பிண்டங்கள் உதிர்ந்த அத்தென்திசையை எம்பெருமான் இன்றும் நோக்கி நிற்கின்றான் என்று நினைந்து, தம் முன்னோரை அவன் திருக்கண்களிடம் ஒப்புவித்தல் தகும்.

பிண்டமும் எள்ளும் நீரும்

உயிர் நீத்தவன் முதலில் பிரேத நிலையில் இருக்கின்றான் என்பது சாத்திரம். அந்நிலை நீங்கிப் பித்ருக்களின் வரிசையில் அவனைச் சேர்ப்பது ஸபிண்டீகரணம். மறைந்தவனுக்குரிய பிண்டத்தை மூன்றாகப் பகுத்து, அவன் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகியோர்க்குரிய மூன்று பிண்டங்களோடு கலந்து பிசைந்து ஒன்றாக்குவது இதன் முக்கிய அங்கம். தனித்துத் திரிந்தவன் தன் குலத்தாரோடு கலந்துவிட்டான் என்பதனைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டும் செயல் இதுவாகும். சடங்கு நடத்திய பலரும் அழுகை அடங்கி ஆறுதல் எய்துவது இந்த இடத்தில்தான்.

அதன்பின் ஆண்டுதோறும் மறைந்த மாதத்துத் திதியில் சிராத்தம். தந்தை வசுக்களின் வடிவாகவும், பாட்டன் உருத்திரர்களின் வடிவாகவும், முப்பாட்டன் ஆதித்தர்களின் வடிவாகவும் தியானிக்கப்படுவர். அவர்க்கு மேற்பட்ட மூன்று தலைமுறையினர்க்குத் தனிப்பிண்டம் இல்லை. பிண்டமிட்ட கையில் ஒட்டியிருக்கும் அன்னத் துகள் அவர்க்குரியது. கையைத் துடைப்பதுகூட வீண் போகாத சடங்கு இது.

தர்ப்பணமாவது நீரால் நிறைவித்தல். தெற்கு நோக்கி அமர்ந்து, பூணூல் உடையோர் அதனை வலந்தோளில் மாற்றி, தர்ப்பைக் கூர்ச்சத்தில் பித்ருக்களை எழுந்தருளச் செய்து, எள் கலந்த நீரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வழிய விடுவர். ஓர் ஆண்டில் இதற்குரிய காலங்கள் தொண்ணூற்றாறு. அமாவாசை 12, சங்கிரமணம் 12, யுகாதி 4, மன்வாதி 14, வ்யதீபாதம் 13, வைத்ருதி 13, மகாளயம் 16, அஷ்டகை முதலியன 12 எனக் கூட்டிக் காண்க. இவ்வனைத்தையும் இயற்றுவோர் இக்காலத்தில் அரியர். எனினும் அமாவாசையையும், மகாளயத்தையும், பெற்றோர் திதியையும் கைவிடாத குடும்பங்கள் நாடெங்கும் உள்ளன.

வைணவர் எழுப்பும் ஐயம்

இவ்விடத்தில் வைணவர்க்கே உரிய ஓர் ஐயம் உண்டு. எம்பெருமான் திருவடியில் சரணம் புகுந்தவன் பரமபதத்தை எய்திவிடுகிறான். மீட்சியற்ற அவ்விடத்தை அடைந்தவனுக்கு எள்ளும் நீரும் எதற்கு? மேலும், பித்ருக்களை வழிபடுவோர் பித்ருக்களையே அடைவர், தன்னை வழிபடுவோர் தன்னை அடைவர் என்னும் கருத்தைக் கண்ணன் கீதையின் 9-ஆம் அத்தியாயத்தில் அருளியிருக்க, நாம் பித்ரு காரியம் செய்வது பிழையாகாதோ?

ஆசார்யர்கள் இதற்குத் தெளிவான விடை தந்துள்ளனர். சிராத்தம் எம்பெருமானுடைய ஆணை. அதனைச் செய்வது ஆஞ்ஞா கைங்கர்யம். தலைவன் கட்டளையை நிறைவேற்றும் அடியவன், இதனால் யாருக்கு என்ன பயன் என்று கணக்குப் பார்ப்பதில்லை. ஆதலால்தான் வைணவன் சங்கற்பம் செய்யும்போதே பகவானுடைய ஆணையினாலும் அவனுடைய உகப்பிற்காகவும் இதனைச் செய்கின்றேன் என்று தொடங்குகின்றான். முடிவில் அவனே தன் காரியத்தைத் தன் பொருட்டுத் தானே செய்துகொண்டான் என்று அவனிடமே விட்டுவிடுகின்றான். நாராயணீயத்தில் வராகன் அருளியதும் இதுவன்றோ! பித்ருக்களுக்கு அந்தர்யாமியாய் நின்று அதனை ஏற்பவன் அவனே. அவனை மறந்து பித்ருக்களைத் தனித் தெய்வமாகக் கொள்வதே கீதை விலக்கும் நெறி. அவனை உள்ளே கண்டு செய்வது அவன் ஆராதனமே ஆகும்.

அவ்வாறாயின், நம் முன்னோர் எங்கிருக்கின்றனர் என்ற கவலையும் நமக்குரியது அன்று. விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் விட்ட நீர் எங்கே செல்கிறது என்று நோக்குக. இவ்வாறு கல்வராயன் மலையில் தோன்றி இவ்வூரைக் கடந்து கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலில் சேர்கிறது. அம்முகத்துவாரத்தின் தென்பால் உள்ளது கிள்ளை. நாம் இங்கே விட்ட எள்ளுநீர் ஸ்ரீவராகன் தீர்த்தமாடும் கடலையே சென்று சேர்கிறது. அது சென்று சேர்வதை நாம் கரையில் நின்று காண்பதில்லை. ஆயினும் ஆறு வழி தவறுவதில்லை.

எளியவர்க்கும் உண்டு வழி

பித்ரு சாபம் என்று அச்சுறுத்தி, வறியவனைக் கடன் வாங்கச் செய்து சிராத்தம் நடத்துவிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பித்ரு கடனைத் தீர்க்க மற்றொரு கடனை வாங்கு என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

பராசர மகரிஷி அருளிய ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சத்தில் பித்ருக்களே பாடியதாக ஒரு பகுதி அமைந்துள்ளது. நம் குலத்தில் பிறந்தவன் வசதியுடையவனாயின் பொன்னும் மணியும் ஆடையும் வழங்கட்டும். இயலாதவன் தன் சக்திக்கேற்ற அன்னம் இடட்டும். அதுவும் இயலாதவன் சமைக்காத தானியமும் சிறு தக்ஷிணையும் அளிக்கட்டும். அதற்கும் வழியற்றவன் ஏழெட்டு எள்ளை நீரோடு விடட்டும். அல்லது ஒருநாள் பசுவுக்குப் புல் கொடுக்கட்டும். இவை எவையும் இல்லாதவன் வனத்திற்குச் சென்று இரு கைகளையும் வானோக்கி உயர்த்தி, தன்னிடம் செல்வமோ தானியமோ இல்லை என்றும், தன் பக்தியால் முன்னோர் நிறைவடைக என்றும் உரக்கச் சொல்லி வணங்கட்டும். நாங்கள் அதனாலும் நிறைவடைவோம் என்பதே அப்பகுதியின் கருத்து. ஸ்ரீமுஷ்ணத்தை அடுத்த காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த ஆளவந்தார், இந்தப் பராசரரின் திருநாமம் உலகில் நிலைபெற வேண்டும் என்று விரும்பியதும், எம்பெருமானார் கூரத்தாழ்வான் திருக்குமாரருக்குப் பராசரபட்டர் என்னும் பெயர் வைத்து அவ்விருப்பத்தை நிறைவேற்றியதும் வைணவ உலகம் அறிந்த செய்தி.

சக்கரவர்த்தித் திருமகன் செய்த சிராத்தத்தையும் நினைக. சித்திரகூடத்தில் பரதனால் தந்தையின் மறைவைக் கேட்டறிந்த இராமபிரான், மந்தாகினி நதியில் இறங்கித் தெற்கு நோக்கி நீர் வார்த்தார். பின்பு கரையேறி, காட்டில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கோடு இலந்தைப் பழத்தைப் பிசைந்து தர்ப்பையின்மேல் வைத்தார். தாம் எதனை உண்கின்றோமோ அதனையே தந்தைக்குப் படைப்பதாகக் கண்ணீர் மல்கக் கூறினார். பின்னர் அங்கு வந்த கௌசலை, பூமியாண்ட மன்னனுக்கு இதுவோ உணவு என்று அப்பிண்டத்தைக் கண்டு விம்மினாள். தசரதனுக்கு அது குறைவாயிற்று என்று வான்மீகி முனிவர் எங்கும் கூறவில்லை. சிரத்தையோடு செய்வதே சிராத்தம் என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுவதில்லை.

யாருமற்றவர் என்று எவரும் இல்லை

இனி, ஆற்றங்கரையில் எழுந்த வினாக்களுக்கு வருவோம். யார் செய்யலாம்?

ஸ்ரீவிஷ்ணு புராணம் உரியவர் வரிசையை விரிவாகக் கூறுகிறது. மகன், பேரன், கொள்ளுப்பேரன், உடன்பிறந்தான் மரபினர், பங்காளிகள், நீர்க்கடன் உறவினர், தாய்வழி உறவினர் என அவ்வரிசை நீள்கிறது. இருகுலத்திலும் ஆடவர் அற்றுப்போன நிலையில் பெண்டிர் செய்யலாம் என்றும், உடன் வாழ்ந்த கூட்டத்தார் செய்யலாம் என்றும், அவரும் இல்லையேல் நாடாளும் அரசனே செய்விக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. ஓர் உயிரும் விடுபட்டுவிடலாகாது என்பதே இதன் உட்கருத்து. ஆகவே மகனை இழந்த தாய் கலங்க வேண்டா. தன் குல வழக்கமறிந்த பெரியோரைக் கொண்டு முறைப்படி செய்வித்து, தன் கண்ணீரையும் அந்நீரோடு விடுவாளாயின், அது சேரவேண்டிய இடத்தைச் சேரும்.

வைணவ வரலாறு இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. சீதாபிராட்டியின் பொருட்டு உயிர்நீத்த ஜடாயு, குலத்தால் ஒரு பறவை. இராமபிரான் அவருக்கு மகன் நிலையில் நின்று எரியூட்டிக் கோதாவரியில் நீர்க்கடன் கழித்தார். காஞ்சியை அடுத்த திருப்புட்குழியும், கும்பகோணத்தை அடுத்த திருப்புள்ளம்பூதங்குடியும் இந்நிகழ்ச்சியைத் தம் தலவரலாறாகக் கொண்ட திவ்யதேசங்கள். ஆளவந்தாரின் சீடரான மாறனேர் நம்பி, குலத்தால் தாழ்ந்தவர் என்று உலகோரால் எண்ணப்பட்டவர். அவர் பரமபதித்தபோது இறுதிக் காரியங்களைப் பெரியநம்பிகள் தாமே செய்தார். அதற்காக ஊரார் பெரியநம்பிகளை விலக்கி வைத்தனர். எம்பெருமானார் காரணம் வினவியபோது, தாம் இராமபிரானினும் உயர்ந்தவரோ, மாறனேர் நம்பி ஜடாயுவினும் தாழ்ந்தவரோ, தாம் விதுரருக்குக் கடன் செய்த தருமபுத்திரரினும் மேலானவரோ என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார் பெரியநம்பிகள். எம்பெருமானார் அதனை உவந்து ஏற்றார்.

மனிதர் எவரும் இல்லாதபோது எம்பெருமானே கர்த்தாவாக நின்ற தலங்களும் உள. கும்பகோணம் ஸ்ரீசார்ங்கபாணி திருக்கோயிலின் இராசகோபுரத்தை எழுப்பிய லக்ஷ்மீநாராயண ஸ்வாமி என்னும் பக்தர், மனைவி மக்கள் அற்றவர். அவர் மறைந்தபோது பெருமாளே ஈர ஆடையும் தர்ப்பையுமாகக் காட்சி தந்து ஈமக்கடன் இயற்றினார் என்பது தலவரலாறு. ஆண்டுதோறும் பெருமாள் அவருக்குத் திதி கொடுக்கும் மரபும் அங்கு உண்டு. செங்கற்பட்டை அடுத்த நென்மேலியில் எழுந்தருளியுள்ள ஸ்ரீலக்ஷ்மீநாராயணப் பெருமாளுக்கு ச்ராத்த ஸம்ரக்ஷண நாராயணன் என்றே திருநாமம். பிள்ளையற்ற பக்தத் தம்பதியர்க்குத் தாமே சிராத்தம் செய்வதாக ஏற்ற பெருமாள் என்று அத்தலவரலாறு போற்றுகிறது. முதற் பிண்டத்தை இட்டவனுக்கு மற்றொரு பிண்டத்தை இடுவது அரிதாமோ?

தர்ப்பணத்தின் கடைசி அங்கத்தைப் பலரும் கவனியாது எழுந்துவிடுகின்றனர். தம் குலத்தார் அனைவர்க்கும் நீர் விட்டபின், கூர்ச்சத்தை அவிழ்த்து, தாயோ தந்தையோ உறவினரோ நண்பரோ எவரும் இல்லாதவர்க்கென்று ஒருமுறை நீர் விடும்படி விதி இருக்கிறது. அந்த ஒரு கைந்நீர், பெயரறியாத எல்லார்க்கும் உரியது.

அதன் அருமையை இப்பகுதியினர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிள்ளையைச் சூழ்ந்த கடலோரச் சிற்றூர்களும் அதற்குத் தப்பவில்லை. செய்ய வேண்டிய பிள்ளைகளும், செய்யப்பட வேண்டிய பெற்றோரும் ஒரே அலையில் மறைந்தால் நீர் விடுவது யார்? அவர்க்கும் உரியது நம் கையிலுள்ள அந்தக் கடைசி நீர். பூமியைக் கடலினின்று மீட்ட பெருமான், ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அதே கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுகின்றான் என்பதை இதனோடு சேர்த்து நினைக்குங்கால் உள்ளம் உருகும்.

அவன் நினைக்கின்றான்

இறுதியாக ஒன்று. முன்னோர் கடன் என்பது நினைவின் கடன். ஆயினும் மனிதரின் நினைவு மூன்று தலைமுறைக்கு மேல் செல்வதில்லை. முப்பாட்டனுக்குத் தந்தையின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் பெயரையும் ஒருநாள் எவரும் அறியார். இவ்வச்சத்திற்கு மருந்தாக அமைந்தது வராக சரம சுலோகம். பூமிப்பிராட்டியின் வேண்டுகோளுக்கு இரங்கி வராகன் அருளியது அது. உடலும் உள்ளமும் நலமாயிருக்கும் காலத்தில் ஒருவன் என்னை நினைத்திருந்தால் போதும். அவன் இறுதிக் காலத்தில் கட்டையும் கல்லும் போல் அறிவிழந்து கிடக்கும்போது நான் அவனை நினைக்கின்றேன், மேலான கதிக்கு அழைத்துச் செல்கின்றேன் என்பது அதன் பொருள். இவ்வுறுதியைக் கேட்ட பிராட்டியே பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளாக அவதரித்து, உலகினர்க்கு அவனைப் பாடும் நெறியைக் காட்டினாள் என்பர் பெரியோர்.

நாம் மறந்த முன்னோரையும் அவன் நினைக்கின்றான். நம்மை நினைக்க எவரும் இல்லாத காலத்திலும் அவன் நினைப்பான். “எனக்குப் பின் எனக்கு யார்?” என்று கேட்ட முதியவர்க்கு இதுவே விடை.

யாத்திரிகர் கவனத்திற்கு

மாசி மக யாத்திரையை மேற்கொள்வோர் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்க. நீராடுமுன் தம் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை நினைவுபடுத்திக் கொள்க. பிள்ளைகளையும் உடன் அமர்த்தி அப்பெயர்களைச் சொல்லிக் கொடுக்க. தர்ப்பணத்தைத் தம் குல வழக்கப்படி, சக்திக்கு உட்பட்டு, அவசரமின்றிச் செய்க. கடைசி நீரை, எவரும் இல்லாதவர்க்கு என்று சொல்லி மறவாது விடுக. ஆற்றிலும் கடலிலும் பழந்துணிகளையும் நெகிழிப் பைகளையும் எறியாதிருக்க. முன்னோர்க்கு நீர் வழங்கும் இடத்தை மாசுபடுத்துவது அவர்க்கு இழைக்கும் பிழையாகும்.

பின்னர் ஸ்ரீபூவராகனைச் சேவிக்க. கிள்ளைக்கு எழுந்தருளும் வழியில் தைக்கால் என்னும் ஊரில் தர்காவின் முன் இசுலாமியப் பெருமக்கள் பெருமாளுக்கு மாலை அணிவித்து வரவேற்கும் காட்சியையும், முழுக்குத்துறையில் கடலலை வந்து பெருமாள் திருவடியை நாடும் காட்சியையும் கண்டு மகிழ்க. அவ்வலையில் விருத்தாசலத்தில் நாம் விட்ட ஒரு கை எள்ளுநீரும் கலந்திருக்கும். சேறு படிந்த எயிற்றோடு நம் முன்னோர்க்கு முதற் பிண்டம் இட்ட அப்பெருமான் அதனையும் ஏற்று, நம் குலத்தார் அனைவரையும், குலமற்றார் அனைவரையும் கரைசேர்த்தருள்வானாக.

சுபம்.